எலோய் சாரின் ஆட்சேபணை

எங்கள் குவாயாகில் நகரத்தில் மழைக்காலம் வந்துவிட்டால் சுவருக்கும் வியர்க்கும். அந்த மாதக் கூட்டம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மருத்துவமனையில் என்று தகவல் வந்ததும் எனக்கு முகம் சுளிந்துவிட்டது. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நார்சிசா போன் செய்து, "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். கை தூக்க ஆள் வேணும்" என்றாள். அவள் குரல் கேட்க நன்றாக இல்லை. போனேன்.

எங்கள் சங்கம் ஒன்றும் பெரிய சங்கம் இல்லை. ஊரில் உள்ள அலுவலகங்களின் ஆவணக் கிடங்குகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். நகராட்சி, சுங்கம், வங்கிகள், மருத்துவமனை. நான் குடிநீர் வாரியம். ஒவ்வொரு மாதமும் ஒருவருடைய கிடங்கில் கூட்டம். முதலில் யாராவது சொற்பொழிவு ஆற்றுவார், பாதிப் பேர் தூங்குவோம். பிறகு கிடங்கைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு தீர்மானங்கள், கடைசியில் சாப்பாடு. பலர் அந்தக் கடைசிக்காகத்தான் வருகிறார்கள்.

நார்சிசா மருத்துவமனையின் பின்வாசலில் நின்றிருந்தாள். எனக்குப் பகீரென்றது. போன வருஷம் கன்னம் உப்ப இருந்தவள், அப்புறம் கூட்டங்களுக்கே வராதவள், இப்போது கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறாள். கையில் ரப்பர் உறை.

"என்னடி இது, உடம்பு?"

"சாப்பாடு இறங்கலக்கா. வாய்கிட்ட கொண்டுபோனா அந்த வாடை வருது. எம் பொண்ணுங்க ரெண்டும் ஊட்டிவிட்டுப் பாக்குதுங்க, முடியல. வேலைய விட்டுட்டு எங்க போவேன்? இன்னைக்கு அந்தக் கேஸ் ஷீட்டெல்லாம் எரிக்க நீங்க ஒத்துக்கிட்டாப் போதும். அது போயிடுச்சுன்னா நான் பொழைச்சுக்குவேன்."

எந்தக் கேஸ் ஷீட் என்று நான் கேட்கவில்லை. சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எலோய் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே குமட்டுகிறது. நார்சிசாவுக்கு முன்னால் இந்தக் கிடங்கு அவர் கையில் இருந்தது. நல்ல மனிதர்தான், ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் பக்கம் புரட்டுவதற்கு எச்சில் தொடுவார். எல்லோரும் தொடுகிற மாதிரி லேசாக இல்லை. நாக்கை முழுசாக வெளியே நீட்டி, கட்டைவிரலை அதன் மேல் வைத்து நன்றாக உருட்டி எடுத்து, தாளின் மூலையில் அழுத்துவார். சளக் என்று ஒரு சத்தம் வரும். உதட்டு ஓரத்தில் எப்போதும் வெள்ளையாக நுரை கட்டியிருக்கும். அவர் கொடுக்கிற கோப்பை நான் நடுவில்தான் பிடிப்பேன். மூலையெல்லாம் கொழகொழவென்று இருக்கும்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் அழிக்க விடமாட்டார். பாதுகாக்க வேண்டிய கெடு முடியாத ஆவணத்தை எரிக்க வேண்டுமென்றால் எங்கள் சங்கம் சிபாரிசு செய்ய வேண்டும்; செய்துவிட்டால் நிர்வாகம் மறுக்காது. வந்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செத்தது. "எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்று அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பார். கரையான் தின்ற தாளுக்கும் நிற்பார். சாப்பாடு ஆறிப்போகும்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கார்னிவல் திருவிழா விடுமுறைக்கு முந்தின நாள், கடைசி வரிசை அலமாரி இடுக்குக்குள் போனவர் அங்கேயே மாரடைப்பில் விழுந்திருக்கிறார். அவை தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள். பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். சுற்றுவதற்கு முன் "உள்ள ஆள் இருக்கா?" என்று குரல் கொடுப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்று பூட்ட வந்தவனுக்கு விடுமுறை அவசரம். குரல் கொடுக்காமல் சுற்றிவிட்டுப் போய்விட்டான்.

விடுமுறை முழுக்க அனல் காற்று. திறந்தபோது அலமாரி நகரவில்லை, வழுக்கியது என்று சொன்னார்கள். அவர் விழுந்த இடத்திலேயே கரைந்து, கீழ்த்தட்டுகளில் இருந்த கேஸ் ஷீட்டுகளில் ஊறிவிட்டார்.

இதற்கு மேல்தான் அருவருப்பு. அந்தக் கேஸ் ஷீட்டுகளுக்குக் கெடு முடியவில்லை. எரிக்கக் கூடாது, சட்டம் சட்டம்தான் என்றது நிர்வாகம். எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள். கத்தியது நான் ஒருத்திதான். சலவைக்கூடத்து மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டார்கள். சுருங்கியிருந்ததை இஸ்திரி போட்டார்கள். மனிதன் ஊறிய தாளை இஸ்திரி போட்டு, அடுக்கி, திரும்ப அதே தட்டில் வைத்தார்கள். ஆவணக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

அவர் பெயரைச் சங்கத்திலிருந்து நீக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஆயுள் உறுப்பினர். இன்றைக்கும் உறுப்பினர்தான்.

அன்றைய சொற்பொழிவு ஏதோ கணினியைப் பற்றி. ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை, வெயிலில் மறந்துவிட்ட இறைச்சிப் பையைத் திறந்த மாதிரி. தலைவர் ஃபாவுஸ்தோ எழுந்து தொந்தியைத் தட்டினார். நகராட்சிக்காரர், எதையும் கிண்டலடித்தே கடந்துவிடுகிற ஆள்.

"சரி, சரி. நார்சிசாவோட அரண்மனையப் பாத்துட்டு வந்தா நண்டுச் சோறு. வாங்க."

கிடங்கு தரைக்குக் கீழே. படி இறங்க இறங்கக் காற்று தடித்தது. கடைசி வரிசைக்கு முன்னால் நார்சிசா நின்றாள். சக்கரத்தில் கை வைத்து, இடுக்கில் வாய் வைத்து, "உள்ள ஆள் இருக்கா?" என்றாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகுதான் சுற்றினாள்.

அலமாரி விலகியது. வாடை வந்து முகத்தில் அடித்தது. சுங்கத்துக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடிவிட்டார்.

நார்சிசா ஒரு கோப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். "மூலையப் பாருங்கக்கா."

தாள் மொறமொறவென்றுதான் இருந்தது. வலது கீழ் மூலை மட்டும் ஈரம். கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாவற்றிலும்.

"மழைக்காலம்மா. எங்க ஆபீஸ்ல என் சட்டையே ஈரமாத்தான் இருக்கு" என்றார் ஃபாவுஸ்தோ.

"மழைத் தண்ணி நுரைக்குமா சார்?"

நான் அந்த மூலையை உற்றுப் பார்த்தேன். சின்னச் சின்னக் குமிழிகள். ஒன்று என் கண்முன்னே உடைந்தது. தெரியாமல் விரல் பட்டுவிட்டது.

சூடாக இருந்தது.

கோப்பைக் கீழே போட்டுவிட்டுப் பாவாடையில் விரலைத் தேய்த்தேன், தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன். அப்போது மின்சாரம் போனது.

மழைக்காலத்தில் தினமும் போகிறதுதான். யாரும் பயப்படவில்லை. "ஜெனரேட்டர் போடுவாங்க, அப்படியே நில்லுங்க" என்றாள் நார்சிசா. நின்றோம். மேலே மழை கொட்டுகிற சத்தம். யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள்.

பிறகு எல்லோரும் அடங்கினோம்.

சளக்.

தாள் புரளும் சத்தம்.

சளக்.

"யாருய்யா அது, விளையாடுறது?" என்றார் ஃபாவுஸ்தோ. குரலில் கிண்டல் இல்லை.

சத்தம் வரிசையின் உள்கோடியிலிருந்து வந்தது. அங்கே எங்களில் யாரும் போகவில்லை. சீராக, அவசரமில்லாமல், வேலையில் மூழ்கிய ஒருவர் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி.

நெருங்கி வந்தது.

"தலைவரே, இங்கயே தீர்மானம் போட்டுடுங்க" என்று நார்சிசா கிசுகிசுத்தாள். "இப்பவே. கும்பிட்டுக் கேக்குறேன்."

யாரோ போன் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் ஃபாவுஸ்தோவின் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. கடகடவென்று சொன்னார். "கடைசி வரிசை கீழ்த்தட்டுக் கேஸ் ஷீட்டுகளைக் கெடுவுக்கு முன்னால எரிக்கச் சங்கம் சிபாரிசு செய்யுது. சம்மதம்னா கை தூக்குங்க."

தூக்கினோம். இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு.

"ஆட்சேபணை?"

புரளும் சத்தம் நின்றது.

வாயில் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"இருக்கு."

"ஃபாவுஸ்தோ, கேட்டுச்சா? ஆட்சேபணை இருக்குன்னு சொன்னாங்க. நிறுத்துங்க" என்றேன்.

"குழாய்ல தண்ணி ஓடுதும்மா."

"குழாயா? அவரு இன்னும் உறுப்பினர்யா! பேரை நீக்கவே இல்ல நாம!"

"அக்கா!" நார்சிசா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நெருக்கத்தில் அவள் கண் பளபளத்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்கும் கேக்கல. தலைவரே, நீங்க முடிங்க."

"ஆட்சேபணை இல்லை. ஏகமனதாக நிறைவேறியது" என்றார் ஃபாவுஸ்தோ. அப்போது விளக்கு வந்தது. உள்கோடியில் யாரும் இல்லை. தரையில் மட்டும் ஒரு நீளமான ஈரக்கோடு, எங்கள் செருப்பு நுனி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

காயத்துணிகளை எரிக்கிற உலை கொல்லைப்புறத்தில் இருந்தது. நார்சிசா தானே எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே உள்ளே தள்ளினாள். கடைசித் தாள் சாம்பலாகிற வரைக்கும் நகரவில்லை. புகை கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தது. என் உதட்டில் ஏதோ படிந்த மாதிரி இருந்தது, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து உதடே புண்ணாகிவிட்டது. அவள் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டாள். ரப்பர் உறைகளையும் கழற்றி நெருப்பில் போட்டாள்.

"போச்சுக்கா" என்றாள். சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. எனக்கும் கண் கலங்கிவிட்டது. போய்த் தொலையட்டும், இந்தப் பெண் பிழைத்தாளே என்று நினைத்தேன்.

மேல்மாடிக் கூடத்தில் சாப்பாடு. நண்டுச் சோறு, பொரித்த வாழைக்காய், மிளகாய்ச் சாறு. எங்களில் பாதிப் பேர் தட்டைத் தொடவில்லை. நார்சிசா குவித்துப் போட்டுக்கொண்டாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஃபாவுஸ்தோவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா, வேலை செய்றவளுக்குப் பசிக்குது. ஏம்மா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். பேச்சு வரவில்லை. இருமினாள்.

"தண்ணி குடு, நண்டு ஓடு மாட்டிக்கிச்சு போல" என்று நான் அவள் முதுகைத் தட்டினேன்.

அவள் கையைக் காட்டி என்னைத் தடுத்தாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். வெள்ளையாக ஒரு முனை வெளியே வந்தது, எச்சில் நூலாக ஒழுகியது. தாள். சுருட்டிய தாள். சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்து தட்டில் விழுந்து, தானாகப் பிரிந்துகொண்டது. இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தது. ஓரம்கூடக் கருகவில்லை.

நாற்காலிகள் விழுந்தன. ஃபாவுஸ்தோ மேஜை விரிப்பிலேயே வாந்தி எடுத்தார்.

நார்சிசா அடுத்ததை இழுத்தாள். அதற்கடுத்ததை. கண்ணீர் வழிய வழிய, நிறுத்த முடியாமல் இழுத்தாள். வயிறு அலை அலையாகக் குலுங்கியது. வந்த தாள்களை அவள் கை ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் ஒழுங்கு பார்த்து அடுக்கியது. அவள் பார்த்தது என்னைத்தான். எடுங்க, எடுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

என் அருவருப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் வாயிலிருந்து தொங்கிய அந்த ஈரத் தாளை இரண்டு கையாலும் பிடித்தேன். வெதுவெதுவென்று இருந்தது. ஒரே மூச்சில் பிடுங்கிவிடலாம் என்று பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். பாதி வந்து நின்றது.

திரும்ப இழுத்தேன்.

அவள் தொண்டைக்குள்ளிருந்து யாரோ மறுமுனையைப் பிடித்து, நிதானமாக, தன் பக்கம் இழுத்தார்கள்.