திரும்பிப் போக ஓர் அம்புக்குறி

டோரின் தட்டாத ஒரு வரி போன் திரையில் இருந்தது. 'இன்று மாலை இறைபதம் அடைந்தார்.'

அவள் தட்டியது கணவன் மெல்ரோயின் பெயரையும் ஊரையும் மட்டும்தான். மரண அறிவித்தல் போடுகிற செயலியில் உயிரோடிருக்கிற புருஷனின் பெயரை ஒருத்தி தட்டுவாளா என்று கேட்டால், இவள் தட்டினாள், அவ்வளவுதான். செயலி எழுதிக் கொடுக்கிறவள், வேலை அவசரம் அப்படி. அறிவித்தல் திரைக்கு வந்தபின் பிழை திருத்தத் திரும்பிப் போக வழியில்லை என்று சனம் ஏசுகிறதாம். மூலையில் பின்னுக்குப் போகிற பட்டன் ஒன்று வைத்துத் தரும்படி கம்பனிக்காரர் சாந்தகுமார் காலையில் சொல்லியிருந்தார்.

"முதல் செஞ்ச பொடியன் ஏன் வைக்காம விட்டவன்?" என்று கேட்டாள்.

"அவனிட்ட கேக்க ஏலாது, தங்கச்சி. அவன்ட அறிவித்தலும் அதிலதான் கிடக்கு."

அதற்குச் சிரிக்கவும் செய்தாள், பாவி. பிறகு, செயலியை ஓட்டிப் பார்க்க ஒரு முழுப்பெயரும் படமும் தேவைப்பட, கைக்கு அகப்பட்டது புருஷனின் படம்.

கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மழை யன்னல் தகரத்தில் விடாமல் கொட்ட, துறைமுகப் பக்கத்து எண்ணெய் வாடை ஈரத்தோடு சேர்ந்து உள்ளே ஏற, அறைக்குள்ளிருந்து மாமியார் பிலோமினாவின் செபமாலை முணுமுணுப்பு ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. டோரின் அந்த வரியை அழித்தாள். அது திரும்ப வந்தது. செயலியை மூடித் திறந்தாள். முதல் பக்கம் வரவில்லை. மெல்ரோயின் கல்யாணப் படம்தான் வந்தது, சுற்றிவர கறுப்புக் கரையோடு.

அவனுக்கு அழைத்தாள்.

"வந்துட்டிருக்கன். இங்குருகடைச் சந்தியில நிக்கிறன். கண்டெய்னர் லொறியெல்லாம் லைனா நிக்குது."

"இஞ்ச பாருங்க, பைக்க அங்கேயே விட்டுட்டு திரீவீல்ல வாங்க."

"விசரா உனக்கு? இந்த மழையில எவன் வருவான்?"

லைன் அறுந்தது. திரையில் வரி நீண்டிருந்தது. 'இன்று மாலை இங்குருகடைச் சந்தியில் நிகழ்ந்த விபத்தில் இறைபதம் அடைந்தார்.'

மடிக்கணினியை இழுத்து, பாதியில் கிடந்த வேலையை முடித்தாள். எத்தனையோ செயலிகளுக்கு வைத்த பட்டன், கண்ணை மூடிக்கொண்டே எழுதுவாள். இன்றைக்கு ஒவ்வோர் எழுத்தும் பிழையாய் விழுந்தது. கடைசியில் இடது மேல் மூலையில் சின்ன அம்புக்குறி தோன்றியது. அழுத்தினாள்.

பழைய பக்கம் வந்தது. மெல்ரோய் போய்விட்டான், படமும் கறுப்புக் கரையும் போய்விட்டன. பெயர்ப் பெட்டி வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பெட்டிக்கடியில் சிவப்பில் எழுந்தது: 'பெயர் அவசியம்.'

செயலியை மூட முடியவில்லை. போனை நிறுத்த முடியவில்லை. கண்டபடி தட்டிய எழுத்துகள் தாமாக அழிந்தன. பிறகு, வெற்றுப் பெட்டியில் 'மெ' என்று ஒன்று தானாக விழுந்தது. அடுத்து 'ல்'.

"மகள்," என்றாள் மாமியார் உள்ளேயிருந்து. "மெல்ரோய் வந்தாச்சா? ரெண்டு பேருக்கும் மீன் பொரிச்சு மூடி வச்சிருக்கன். நீ முதல்ல சாப்பிடு."

டோரின் அறைக்கதவைப் பார்த்தாள். மாமிக்கு எழுபத்தைந்து வயது. நெஞ்சு வருத்தம். டாக்டரே கைவிரித்துவிட்டார். மெல்ரோய்க்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவன் இல்லாமல் அவளால் ஏலாது, ஏலவே ஏலாது.

'ரோ' விழுந்தது.

அழித்தாள். வேகமாகத் தட்டினாள். பிலோமினா சவுந்தரநாயகம். கொட்டாஞ்சேனை. 'பதிவு செய்' என்பதை அழுத்தினாள்.

உள்ளே செபம் தொடர்ந்தது. 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்...'

நின்றது.

செபமாலை தரையில் விழுகிற சத்தம். வேறொன்றுமில்லை. மழை மட்டும்.

டோரின் எழும்பவில்லை. மேசையில் போன் அதிர்ந்தது, மெல்ரோயின் நம்பர். காதில் வைத்தாள். யாரோ ஒருவன் சிங்களத்தில், இந்த போன்காரரின் மனைவியா என்று கேட்டான். பின்னால் ஹோர்ன் சத்தம். ஆட்களின் கூச்சல். அவன் மேலே சொல்லிக்கொண்டே போனான்.

போன் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. புது அறிவித்தல் திரை நிறைந்து கிடந்தது. கறுப்புக் கரைக்குள் மாமியாரின் முகம். கீழே வழக்கமான வரிகள்.

'காலஞ்சென்ற சவுந்தரநாயகத்தின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற மெல்ரோயின் பாசமிகு தாயாரும்...'

அம்புக்குறியை அழுத்தினாள். அசையவில்லை. அழுத்தினாள். அழுத்தினாள்.

எழுத்துகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

'காலஞ்சென்ற டோரினின் ஆசை மாமியாரும் ஆவார்.'

அடியில், அறிவித்தல் கொடுக்கிற வீட்டாரின் பெயர் வரவேண்டிய 'தகவல்' என்ற சொல்லுக்கு எதிரே யாருடைய பெயரும் வரவில்லை.