கைப்பிடிக்கு அடியில் 61407

"கைப்பிடியக் கழட்டணும்ங்க."

வடக்குத்து ஊரின் துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார்: "லைசென்ஸ்காரங்ககிட்ட எத வேணா கேளு, இத மட்டும் கேக்காத." இப்போது அவர் சாப்பிடப் போயிருந்தார். மணிமொழி கேட்டுவிட்டாள்.

2016 தேர்தலுக்காகக் கடையில் ஒப்படைத்த ரிவால்வரைத் திரும்ப வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருந்த நெடுமாறன் சிரித்தார். "எங்க தாத்தா காலத்து சாமான். எதுக்கு?"

"மேல இருக்கற நம்பரு 1924ன்னு சொல்லுது. உருளையத் தெறக்கற இந்தத் தாழ் 1936க்கு அப்புறம்தான் வந்துது. கம்பெனி பட்டியல்ல இருக்கு. அசல் நம்பரு கைப்பிடிக்கு அடியிலயும் இருக்கும்."

"கண்ணையன் மவதான நீ? உங்கப்பன் எங்க வயல்ல சேறு மிதிச்சவன். நீ எனக்கு வருஷம் சொல்றியா?"

"அந்த வயல்லதான குண்டு பட்டுக் கெடந்தாரு."

1997இல் குடிசைகளைக் காலி செய்ய மறுத்தவர் அப்பா. குண்டு நெடுமாறனின் இன்னொரு ரிவால்வருடையது. அது பத்து நாள் முன்பே திருடு போனதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கு முடிந்தது. திருடு போனதன் எண்ணை வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்தவள் அவள். 61407. பட்டியல்படி 1938.

ஊருக்கெல்லாம் கரண்டு எடுக்கிற ஊரில் கரண்டு போய், மின்விசிறி நின்று, நிலக்கரித் தூசும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த புழுக்கத்துக்குள், எங்கிருந்தோ நாற்று நட்ட வயலின் ஈரச் சேற்று வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக இந்த ரிவால்வரை வைத்துப் பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து உச்சிவேளைகளில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது, குண்டு போடும் உருளை ஒரு படி திரும்புகிற சத்தம். எலி என்றார் முதலாளி. உருளையின் ஆறு அறைகளும் காலி என்று பார்த்துப் பூட்டியவள் அவள்.

"குடுடி அத."

அதற்குள் அவள் திருப்பிய திருகாணி கழன்றுவிட்டது. கைப்பிடிக் கட்டை விலகியது.

அடியில் சேறு. பத்தொன்பது வருஷத்துச் சேறு, ஈரமாக. கட்டைவிரலால் துடைத்தாள்.

61407.

டிக்.

யாரும் தொடவில்லை. மேசைமேல் சுவரைப் பார்த்துக் கிடந்த குழல் இப்போது நெடுமாறனைப் பார்த்தது. காலி அறைகளில் ஒன்றில் தோட்டாவின் பித்தளை மினுங்கியது.

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. சிமெண்டுத் தரையில் அவர் கால்கள் கணுக்கால்வரை புதைந்திருந்தன. சுற்றிலும் குமிழி விட்டது.

"ஏய். அத எடு."

அவள் எண்ணைப் போனில் படம் பிடித்தாள்.

"அம்மா... எடும்மா."

கைப்பையைத் தோளில் மாட்டினாள். பேரேட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கங்க. உங்க சாமான்தான."

ரிவால்வரின் சுத்தியல் எழும்பியது. தானாக. மெதுவாக.

திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.