வெளிப்பக்கம் தாழிட்ட அறை

ரூஜ் பள்ளத்தாக்கின் ஓரத்திலிருந்த அந்தக் கல்வீட்டுக்கு நிரூபா பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். எழுநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு பிரபு கட்டிய அரண்வீடு. நூறு வருடங்களுக்கு முன் ஒரு கோதுமை வியாபாரி அதைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே நிறுத்தினான். இனிக் கல்யாண மண்டபமாகப் போகிறது. வாசலில் மாட்டுவதற்கு அதன் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் நிரூபாவின் வேலை.

உரிமையாளர் அனுப்பிய குறிப்பு அழகாகத்தான் இருந்தது. கொள்ளைப்படை வந்தபோது பிரபு எழுபது குடியானவர்களை நிலவறையில் வைத்துக் காப்பாற்றினாராம். ஒருவர்கூடச் சாகவில்லையாம்.

வீட்டைப் பராமரிக்கும் மக்டலீன் நிலவறையைத் திறந்துவிட்டார்.

தடித்த ஓக் கதவு. நிரூபா கைபேசி வெளிச்சத்தை அதன்மேல் ஓட்டினாள். குறுக்குக்கட்டை செருகும் இரும்புக் கொக்கிகள் வெளிப்பக்கம் இருந்தன. கட்டை எப்போதோ தொலைந்துபோயிருந்தது. உட்பக்கம், முழங்கால் உயரத்திலிருந்து மேலே வரை, நகக் கீறல்கள்.

ஒளிந்திருப்பவர்கள் உள்ளேயல்லவா தாழிடுவார்கள்?

"அன்ரி, உந்தக் கதவை மாறிக் கொழுவிப்போட்டினமோ?"

"இல்லைப் பிள்ளை. வந்த மாதிரியேதான் கிடக்கு." மக்டலீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கெதியாப் பார்த்திட்டு வாரும்."

"உங்களுக்கு ஏதோ தெரியும்."

"எனக்கு வேலை வேணும். வேறை ஒண்டும் தெரியாது."

நிரூபா உள்ளே போனாள். ஈரக் கம்பளியும் பழைய வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கைபேசி வெளிச்சம் அணைந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே, கனத்த மரக்கட்டை ஒன்று விழுந்து பொருந்தும் சத்தம்.

இருட்டு மூச்சுவிட்டது. ஒன்றல்ல, பல மூச்சுகள். சுவரோரமாக ஒரு குழந்தை விம்மியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். எல்லாரும் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. பிரபு திரும்பி வரும் காலடியை.

நிரூபாவால் தாங்க முடியவில்லை.

"அவன் வரமாட்டான்," என்று கிசுகிசுத்தாள்.

மூச்சுகள் நின்றன.

பிறகு, நாலாபக்கமும் நகங்கள் கீறத் தொடங்கின.

மக்டலீன் கதவை இழுத்துத் திறந்தபோது அவள் படியில் வந்து விழுந்தாள்.

"நான் சாத்தேல்லை," என்றார் மக்டலீன். "அதுகளோடை கதைச்சனீரோ?"

"ஓம். அவன் வரமாட்டான் எண்டு சொன்னனான்."

மக்டலீன் சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ பிள்ளை... இவ்வளவு காலமும் அதுகள் அவனை நம்பியெல்லோ இருந்ததுகள்."

பஸ்ஸிலிருந்தே நிரூபா உரிமையாளருக்கு எழுதினாள். அந்த அறையை வெளியிலிருந்துதான் பூட்டியிருக்கிறார்கள்; காப்பாற்றிய கதைக்கு என் பெயரைப் போடமாட்டேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தபோது மணி ஐந்தரை. எலிவேற்றரில் அவள் மட்டும்தான் ஏறினாள். பதினான்காம் மாடிக்கு அழுத்தினாள். கதவு மூடவில்லை. பாரம் கூடிவிட்டதென்று மணி அடித்தது.

அவள் மெல்ல இறங்கி வெளியே நின்றாள்.

மணி நிற்கவில்லை.