பொதுச்செயலாளர் வக்கீலின் இடது காது

காலை 6.15. ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. "கட்சிப் பொதுச்செயலாளர வெட்டிட்டாங்க. தேங்காப்பட்டணத்துக்கு உடனே வாங்க."

எஸ்.ஐ. சுஜா ஜீப்பில் பறந்து போய்ச் சேர்ந்தபோது, பொதுச்செயலாளர் ஒரு கொட்டிலில் நின்று பலாயிலை தின்றுகொண்டிருந்தார். இடது காதில் ரத்தம் தோய்ந்த துணிக்கட்டு. யார் வெட்டியது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் ஓர் ஆட்டுக்கிடா.

கறுப்பு நிறம், நீண்ட தாடி. அதனால் பெயர் வக்கீல். சேக் மைதீன் வளர்த்த ஆடு. அவருடைய தங்கை மகன் ஃபாயிஸ் விளையாட்டாக ஆரம்பித்தது அகில உலக அசைபோடுவோர் கட்சி. எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கையையும் ஒரு பக்கம் விடாமல் ஜீரணித்த ஒரே ஆள் என்று வக்கீலுக்குப் பதவி கொடுத்தான். சேக் மைதீனுக்குக் கோபம். "கொடிய நீ வச்சுக்கோ மக்கா. ஆடு எனக்க ஆடு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பானி" என்று சாயாக்கடையில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். உடனே "தலைவரைக் காப்போம்" என்று ஃபாயிஸ் போஸ்டர் அடித்தான். பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள்தான்.

சுஜா சுசீந்திரத்துக்காரி. வாத்துத் திருட்டு, வாழைக்குலைத் திருட்டு எல்லாம் பார்த்தவள். இது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆட்டைத் திருடவில்லை, கொல்லவில்லை. காதை மட்டும் அறுத்து, அறுத்த கையோடு கட்டும் போட்டுவிட்டுப் போக யாருக்கு என்ன தேவை?

கட்டைப் பார்க்கக் கை நீட்டினாள். வக்கீல் ஒரே முட்டு. உள்ளங்கை விண்ணென்று வலித்தது.

"கிட்ட போவாதீங்க மேடம்" என்றாள் சேக் மைதீனின் மனைவி ஜொஹரா பேகம். "தீனி வைக்கிய என்னையே முட்டும்." ஃபாயிஸ் பேண்டை ஏற்றிக் கன்றிப்போன முழங்காலைக் காட்டினான். மாலை போடப் போனபோது தலைவர் கொடுத்ததாம்.

சேக் மைதீன் ஆட்டின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். "காதுல தொடாண்டாம் மேடம். அதுக்கு வலிக்கும்."

முதல் சந்தேகம் வார்டு மெம்பர் கபிரியேல் மீது விழுந்தது. அவருடைய பேனரை வக்கீல் தின்ற அன்று, காதை அறுப்பேன் என்று கத்தியிருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அறுத்தீங்களா?"

"நேத்து காலைலேருந்து திற்பரப்பு அருவியில நின்னேன் மேடம். மாமியா வீட்டுக்காரங்களோட குளிக்கப் போனது. இப்பந்தான் பஸ் எறங்குதேன்." ஈரத் துண்டு இன்னும் தோளில் கிடந்தது. போனில் படங்களும் இருந்தன.

அப்போது ஜொஹரா பேகம்தான் சொன்னாள். "காது அறுபட்ட ஆடு குர்பானிக்கு ஆவாது. இனி வேற ஆடுதான் பாக்கணும்."

வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் ஃபாயிஸ் பக்கம் திரும்பியது. "மார்க்கத்துலயா வெளயாடுத?" என்று ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். "நான் செய்யேல்ல" என்றான் ஃபாயிஸ். யாரும் நம்பவில்லை. நேற்றுவரை அவன் போஸ்டரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான்.

சுஜா சட்டையை விடுவித்துவிட்டுக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர். துடைத்துவிட்டது போல் கிடந்தது.

"நேத்து ராத்திரி என்ன கறி?"

ஜொஹரா பேகம் விழித்தாள். "கோழி. எனக்க வீட்டுக்காரரே அறுத்துத் தந்தாரு. ஒருநாளும் செய்யாத வேல."

சுஜா சேக் மைதீனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாய், காது அறுபட்ட ஆடு சும்மா நிக்காது. தலைய உதறும். செவுத்துல தெறிச்சிருக்கணும், மொகத்துல வழிஞ்சிருக்கணும். ஒரு பொட்டு இல்ல. எல்லாரும் கட்டப் பாத்தோம். கட்டுக்குள்ள காயம் உண்டாண்ணு ஒருத்தரும் பாக்கல. அந்த ரத்தம் கோழி ரத்தம். வக்கீல் காதுல கைவைக்க விடுறது இந்த ஊருல ஒரே ஆளத்தான். கட்டுனது நீங்க."

சேக் மைதீன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"குட்டி போட்டதும் தாய் செத்துப்போச்சு. பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். எனக்க கட்டிலுக்குக் கீழதான் ஒறங்கும். இத அறுக்க என்னால ஆவாது. ஆனா ஊரு கேக்கச் சொல்லியாச்சே. மாத்திச் சொன்னா, மருமவன் ஜெயிச்சிட்டான்ணு சிரிப்பாங்க. குர்பானிக்கு வேற ஆடு சொல்லி வச்சிருக்கேன். நெசமாவே காத அறுக்கத்தான் கத்தி எடுத்துட்டுப் போனேன். அதுவும் முடியல மேடம்."

"நான் கேஸ் எழுதப் போறதில்ல. கட்டு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ணு விட்டுட்டும் போவேன். ஆனா பழி ஃபாயிஸ் தலையில நிக்கும்."

வாசலில் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சேக் மைதீன் எழுந்து கொட்டிலுக்குப் போய், வக்கீலை இழுத்துக்கொண்டு நேராகக் கூட்டத்தின் நடுவே போனார். கட்டை அவிழ்த்தார். காது முழுசாக இருந்தது.

"பய ஒண்ணும் செய்யேல்ல. நாந்தான். எனக்கு மனசு வரல்ல."

கூட்டம் முதலில் விழித்தது. பிறகு சிரித்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அந்தச் சிரிப்புத்தான். சேக் மைதீன் தலையைக் குனியாமல் நின்று அதை வாங்கிக்கொண்டார். சுஜாவுக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்தது.

சிரிக்காதவன் ஃபாயிஸ் ஒருவன்தான். மாமாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா மாமா."

"ஒங்கிட்டயா? அதுக்கும் ஒரு போஸ்டர் அடிச்சிருப்ப."

"அடிச்சிருப்பேன்" என்றான் ஃபாயிஸ். அவன் கண் கலங்கியிருந்தது.