திரையில் இல்லாத பெயர்

லுத்ஃபி வந்து உட்காரக்கூட இல்லை. "மதாம் வசீலா, எங்கிட்ட வேலை பார்த்த பொண்ணு தப்பு பண்ணிட்டா. அவ தப்புதான்னு நீங்க எழுதித் தரணும்" என்றார்.

மென்பொருள் கோளாறுகளைத் துப்பறிவது வசீலாவின் தொழில். உதவியாளன் காஸிக்கு விஷயம் முன்பே தெரியும்; துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரமே பேசிய விஷயம் அது. லுத்ஃபியின் மென்பொருள் டயாலிசிஸ் நிலையத்தில் ஒரே நாற்காலியை ஒரே வேளைக்கு இரண்டு பேருக்கு ஒதுக்கிவிட்டது. திருப்பி அனுப்பப்பட்ட பெரியவர் வீட்டில் மூச்சு முட்டி விழுந்தார். உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

"உங்க காவலன் எச்சரிக்கலையா?" என்று கேட்டார் வசீலா.

காவலன், லுத்ஃபி தானே எழுதிய கருவி. ஃப்ரேம்வொர்க் எனப்படும் ஆயத்தச் சட்டகத்தின் மேல் நிரல் எழுதுகிறவர்கள் அதைத் தவறாகக் கையாண்டால், அந்த வரியில் சிவப்புக் கோடு போட்டு, மீறிய விதியின் பெயரையும் காட்டும்.

"எச்சரிச்சிருக்கு. ஷிராஸ் அதோட வாயை அடைச்சுட்டா. அவ கணினி, அவ பேரு. 'எனக்கு ஞாபகமில்லையே'ன்னு அழுதா. அனுப்பிட்டேன்."

லுத்ஃபியின் அலுவலகத்தில் ஷிராஸின் கணினி முன் காஸி உட்கார்ந்து, காவலனை அடக்கிய வரியைப் படித்தான். "'கவனிக்காதே: வெரூ.' சுத்தமா மாட்டிக்கிட்டா, மதாம்!"

வெரூ என்றால் பிரெஞ்சில் தாழ்ப்பாள். ஒருவர் பதியும்போது இன்னொருவர் நுழையாதபடி பூட்ட வேண்டும் என்ற விதி அது.

"அந்த வரியை அழி" என்றார் வசீலா.

அழித்ததும் சிவப்புக் கோடு எழுந்தது. பக்கத்தில் விதியின் பெயர்: 'லாக்'.

"இதை நீ அடக்கணும்னா என்ன எழுதுவ?"

"திரையில இருக்கறதைத்தான். லாக்னு..." காஸி திரும்பிப் பார்த்தான். "அப்ப வெரூ எங்கேருந்து வந்தது?"

"அது பழைய பேருப்பா" என்றார் லுத்ஃபி, சாதாரணமாக. "முதல்ல எல்லா விதிக்கும் பிரெஞ்சுப் பேருதான். வெளிநாட்டுக்காரங்க வாங்க ஆரம்பிச்சதும் இங்கிலீஷுக்கு மாத்தினேன். பழசும் வேலை செய்யும், ஆனா எங்கயும் காட்டாது."

"ஷிராஸ் எப்ப சேர்ந்தா?"

"மாத்தினதுக்கு அப்புறம்."

"அப்ப பழைய பேரு யாருக்குத் தெரியும், சி லுத்ஃபி?" என்றார் வசீலா; 'சி' அங்கே 'ஐயா' போன்ற மரியாதைச் சொல்.

"அப்ப நான் தனியாத்தானே..." லுத்ஃபியின் குரல் அறுந்தது. ஷிராஸின் நாற்காலியைப் பார்த்தார். "டயாலிசிஸ் நிலையத்துக்காரங்க மென்பொருளைப் பார்க்க வந்த அன்னைக்கு... வாசல்லயே நின்னாங்க. அவ காபி வாங்கப் போயிருந்தா. சிவப்புக் கோட்டோட எப்படிக் காட்டறதுன்னு நான்தான் அவ எடத்துல உக்காந்து... அப்புறம் எடுத்துடலாம்னு நெனச்சேன். சத்தியமா மறந்தே போச்சு, மதாம்."

வசீலா தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

லுத்ஃபி ஷிராஸை அழைத்து, திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். பிறகு அவள் குரல் காஸிக்கும் கேட்டது.

"நீங்க சொன்னீங்கன்னு நானே நம்பிட்டேன், சி லுத்ஃபி. அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகன் மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாரு."

"திரும்பி வந்துடும்மா."

"வேணாம். நீங்க முதல்ல அங்க போங்க."

இணைப்பு அறுந்தது. லுத்ஃபி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பெரியவர் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. இதுவரை அவர் கேட்டதே இல்லை.