ஏறலாமா என்று கேட்டவள்

அவள் அழித்த மூன்று கேள்விக்குறிகளும் மறுபடி கணினித் திரையில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இருந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் அவளுக்கு இலக்கணக்காரி என்று பட்டப்பெயர். குடியிருப்பவர்கள் கைபேசியில் ஆங்கிலத்தில் தட்டிவிடும் புகார்களை முறையான ஆங்கிலமாக்கிக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. குழாய் ஒழுகினால் நாலு கேள்விக்குறி வரும். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் ஆச்சரியக்குறியும் ஜோடி சேர்ந்துகொள்ளும். சிநேகிதிக்கு எழுதும்போது எத்தனை வேண்டுமானாலும் வாரி இறையுங்கள், அலுவலக எழுத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் நேரடிக் கேள்விக்கு மட்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடமே எடுப்பாள். ‘என வினவுகிறார்’ என்று எழுதிவிட்டால் அந்த ஒன்றும் வேண்டியதில்லை.

அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. கேள்விக்குறி உள்ளதைக் கணினி ‘பதில் தேவை’ என்ற பக்கம் தள்ளும். மெக்கானிக்கைத் தேடிப்பிடித்துப் பதில் வாங்கி அனுப்பாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. குறி இல்லாதது ‘தகவல்’ பக்கம் போய்த் தூங்கும். அதை யாரும் எழுப்புவதில்லை.

போன மாதம் ஒரு மாலை, கைப்பையைத் தோளில் மாட்டிய பிறகு அந்தப் புகார் வந்தது. அனுப்பியவள், அலுவலகம் இருக்கும் இதே மூன்றாம் மாடியில் குடியிருந்த நர்ஸ். லிஃப்ட் கதவு தானாகத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வேறு கேட்கிறது, ஏறலாமா என்று கேட்டு, வழக்கம்போல் மூன்று கேள்விக்குறிகள். ‘லிஃப்ட் பாதுகாப்பானதா என வினவுகிறார்’ என்று அழகாக மாற்றி, முற்றுப்புள்ளி வைத்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். தெரியாமல் செய்ததல்ல. தெரிந்தேதான் செய்தாள். மறுநாள் விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ், ஆபத்து என்றால் சொல்லியிருப்பார்களே என்று நினைத்திருப்பாள். கதவு திறந்தது, காலை வைத்தாள். உள்ளே லிஃப்ட் இல்லை.

மேஜைத் தொலைபேசி அலறியதில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேனேஜர்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்கம்மா. அந்தப் பொண்ணு நம்மகிட்ட ஏதாவது கேட்டுச்சான்னுதான் முதல்ல கேப்பாங்க. கேட்டுச்சா?"

"இல்ல சார்."

"நல்லா பாத்துட்டீங்களா? உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"பாத்துட்டேன் சார். எதுவும் கேக்கல."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மழையில் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, குழல்விளக்கு முனகிக்கொண்டே இருக்க, ஈரக் காகித வாசனைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை ஒன்று மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. தினமும் டியூட்டி முடிந்து வரும்போது, "அக்கா, இன்னும் கிளம்பலையா?" என்று வாசலில் எட்டிப் பார்ப்பவளின் வாசனை. ஐயோ, எவ்வளவு நல்ல பெண். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

நர்ஸ் அனுப்பியதையும், தான் மாற்றி எழுதியதையும் சேர்த்தே அழித்தாள். இனி யாரும் கேட்கவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை.

திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு அதன் நடுவில் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. குறிகள் அணையவில்லை.

வெளியே நடைபாதையில் ஏதோ கிரீச்சிட்டது. லிஃப்ட்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்து, வாசலில் பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. கனமாக, நிதானமாக, கீழேயிருந்து. ஆணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கதவு திறந்தது. மூடியது. திறந்தது.

படிக்கட்டுக்குப் போக அந்த வழி ஒன்றுதான். சுவரோடு ஒட்டி நடந்தாள். டெட்டால் வாசனை நெஞ்சை அடைத்தது. பார்க்கக் கூடாது. நேரே படிக்கட்டு. பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

வெள்ளைச் சீருடை. முதுகைக் காட்டி நின்றிருந்தது. எதிரே திறந்த கதவு, அதற்குள் வெறும் இருட்டு. ஒரு கால் தரையில். இன்னொரு கால் அந்த இருட்டின் மேல், தூக்கியபடி.

"அக்கா, ஏறலாமா?"

சொல்லிவிடு. ஒரே வார்த்தை. ஏறாதே. வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்று மட்டும் வந்தது.

கால் இறங்கியது. வெள்ளை மறைந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கண்ணை மூடித் திறந்தாள். அதே வாசல். அதே வெள்ளை. கால் மறுபடி தூக்கியிருந்தது. இந்த முறை கழுத்து மட்டும் மெல்ல, முழுசாகப் பின்னால் திரும்பியிருந்தது. சிரித்த முகம். கோபம் கொஞ்சமும் இல்லை.

"அக்கா?"

அவள் வாய் திறந்தபடியே நின்றது. அந்த முகம் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்க, கால் இறங்கத் தொடங்கியது.