சுண்ணாம்புக் கோட்டுக்குள்

இரண்டு நாள் மழை அடித்து ஊற்றியும் கொல்லையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு அழியவில்லை. துணி எடுக்கப் போனவள் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பில்லை.

கோடு போட்டது மேஸ்திரி. “வெறும் பொடிதாம்மா. ஒரு அறை, ஒரு பாத்ரூம், சின்னதா அடுப்பு மேடை. ஒரு வாரம் உள்ள நடந்து பாருங்க. பிடிச்சிருந்தா கட்டிடலாம். இல்லேன்னா ஒரு மழைக்குப் போயிடும்” என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு மட்டும் மூன்றடி இடைவெளி விட்டுப் போயிருந்தார்.

மாமியாருக்குத்தான் அந்த அறை. ஒரு வருடமாக அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஹாலில் கட்டிலில் படுத்தபடி, “யாரு அங்க? கதவைத் திற!” என்று ராத்திரி பகலாக ஒரே கூப்பாடு. மருத்துவமனையில் எட்டு மணி நேரம் கட்டில் கட்டிலாக ஓடிவிட்டு வரும் நர்ஸான அவளுக்கு, வீட்டிலும் ஒரு கட்டில். கணவரைக் கேட்டால், “நீ சரின்னா சரி, நான் என்ன சொல்றது?” என்பார். பழியை அழகாக அவள் தலையில் கட்டிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். நல்ல பிள்ளை!

அவளுக்கு அந்த அறை வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் அவள் வேலைக்குப் போன வருடங்களில் அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவரை எப்படிக் கொல்லையில் கொண்டுபோய் வைப்பது?

அன்று சாயங்காலம் கணவர் கோட்டைத் தாண்டாமல் சுற்றிப் போய், வாசல் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்து, அதே வழியாக வெளியே வந்தார்.

“கட்டாத சுவருக்கு இவ்வளவு மரியாதையாங்க?”

“தெரியலை. கால் தானா அப்படிப் போகுது” என்றார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் அந்த இடைவெளி வழியாகத் தானும் உள்ளே போனாள். போன கணமே பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது, தெருவின் ஹாரன்கள் நின்றன, ஹாலிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலும் நின்றுபோனது. திறந்த வானத்துக்குக் கீழே, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுங்கிய வாடை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். எத்தனை மாதத் தூக்கம்! கால் மணி நேரம் அப்படியே தூங்கிப்போனாள்.

வெளியே கால் வைத்ததும், “கதவைத் திற! கதவைத் திற!”

அவள் போனை எடுத்தாள்.

“மேஸ்திரி, கட்டிடுங்க.”

“நல்லா யோசிச்சீங்களாம்மா?”

“யோசிச்சாச்சு. கட்டிடுங்க.”

போனை வைத்தாள். ஹாலில் அந்தக் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

‘அப்பாடா’ என்று அவள் வாய் முந்திக்கொண்டது. பிறகுதான், அந்தக் குரல் இப்படிப் பாதியில் நின்றதே இல்லை என்று உறைத்தது.

ஹாலுக்கு ஓடினாள். கட்டில் காலி. போர்வையில் இன்னும் சூடு இருந்தது. இரண்டு பேர் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாத மனுஷி.

கொல்லையில் தூறல் தொடங்கியிருந்தது. கோட்டுக்குள் மாமியார் நின்றுகொண்டிருந்தார். தனியாக. நேராக. சுற்றிலும் மழை. அவர் மேல் ஒரு சொட்டு இல்லை.

“அத்தை!”

ஓடினாள். நெற்றி எதிலோ மோதியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. சில்லென்று. சொரசொரப்பாக. பூச்சு காயாத சுவர்.

வாசல். வாசல் எங்கே?

தடவிக்கொண்டே சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. இடைவெளி இல்லை. வெள்ளைக் கோடு முழுதாக மூடியிருந்தது.

மாமியார் இரண்டு உள்ளங்கைகளாலும் ஓங்கி ஓங்கி அடித்தார். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

வீட்டின் உள்ளறையிலிருந்து கணவர் கேட்டார். “என்ன, அம்மா தூங்கிட்டாங்களா?”

அவள் மறுபடியும் சுவரைத் தடவி வாசலைத் தேடினாள்.

மாமியார் அடிப்பதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மறதி இல்லை. எல்லாம் தெரிந்திருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன.

‘ஏன் கண்ணு?’

மேலேயிருந்து, கூரை போடுவதுபோல, இருட்டு இறங்கத் தொடங்கியது. முதலில் நரைத்த முடி. பிறகு நெற்றி. பிறகு, அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.